இரண்டாவது வாளி வைத்தவர்களுக்கு எங்கள் நன்றி

சிராங்கூன் சாலைப் பூக்கடைக்காரர்களுக்கும், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளின் சமையல்கட்டு ஊழியர்களுக்கும், தேக்கா வட்டாரத் துப்புரவாளர்களுக்கும், சமூகத் தோட்டத்து அங்கிள், ஆன்ட்டிகளுக்கும் வணக்கம்.

பூமாலை, வாழையிலை, காய்கறித் தோல் ஆகியவற்றை அந்தந்த வட்டாரத்திலேயே எருவாக்க முடியுமா, அதற்கு யார் எவ்வளவு உழைக்க வேண்டியிருக்கும் என்று ஆராய்ந்த எங்கள் மாணவர் ஆய்வு நிறைவடைந்துவிட்டது. வேதியியல், புவியியல், பொருளியல், சமூகப் பணி பயிலும் மாணவர்கள் சேர்ந்து செய்த வேலை. உங்கள் உதவி இந்த ஆய்வில் எந்தெந்த இடத்தைத் தாங்கி நின்றது என்று விவரமாகச் சொல்வதே உங்களுக்கு உரிய நன்றி என்று நினைக்கிறோம்.

2023இல் சிங்கப்பூரில் சேர்ந்த உணவுக் கழிவு ஏறத்தாழ 755,000 டன். மறுசுழற்சிக்குப் போனது அதில் 18 விழுக்காடுதான். மற்றது எரியாலைக்குப் போகிறது. எரித்தால் குப்பையின் கன அளவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறையும். அந்தச் சாம்பலும் படகேறி புலாவ் செமாக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்புநிலத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். 1999இல் செயல்படத் தொடங்கிய அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. ஈரமான சோறும் இலையும் எரிப்பதற்கும் உகந்தவை அல்ல. அவற்றிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி செலவாகிவிடும்.

முதல் நன்றி பூக்கடைக்காரர்களுக்கு. வாடிய மாலையை அப்படியே பையில் போட்டுத் தந்திருக்கலாம். நீங்கள் நூலை உருவி, ஜிகினாவையும் பிளாஸ்டிக் மணிகளையும் எடுத்துவிட்டுத் தந்தீர்கள். நைலான் நூல் மட்காது. துண்டாக்கும் இயந்திரத்தின் சுழல்தண்டில் சுற்றிக்கொண்டு மோட்டாரைச் சூடாக்கி நிறுத்திவிடும். கத்தியில் அறுபட்டுப் போனால் இன்னும் கேடு. இழை இழையாக எருவில் கலந்து, சல்லடையிலும் தங்காமல் தோட்ட மண்ணுக்குப் போய்விடும். பருத்தி நூல் நாளடைவில் மட்கும், வாழைநார் பூவோடு சேர்ந்தே மட்கும். அதனால் எந்த மாலையில் என்ன நூல் என்று நீங்கள் சொன்ன தகவல் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. வெள்ளிக்கிழமையை ஒட்டி பூ எவ்வளவு கூடும், தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் எப்படி, பொங்கல் முடிந்ததும் கரும்பும் மஞ்சள் கொத்தும் எப்படிக் குவியும் என்று நீங்கள் விளக்கியதை வைத்தே மாதிரி எடுக்கும் நாள்களை முடிவுசெய்தோம். ஏதோ ஒரு வாரத்தை எடை போட்டு 52ஆல் பெருக்கினால் கிடைக்கும் ஆண்டுக் கணக்கை நம்ப முடியாது.

சமையல்கட்டு அண்ணன்மாரே, அக்காமாரே, நெரிசலான இடத்தில் இரண்டாவது வாளி ஒன்றுக்கு இடம் ஒதுக்கினீர்களே, எங்கள் ஆய்வில் அதைவிட முக்கியமான கருவி எதுவும் இல்லை. காய்த்தோல், தேயிலைச் சக்கை, வழித்துவிட்ட இலை ஒரு வாளியில். சாம்பார், ஊறுகாய், எண்ணெய் பட்ட மிச்சம் மற்றொன்றில். சமைத்த உணவில் உப்பு அதிகம், அது மட்கினாலும் உப்பு போகாது. உப்பு கூடினால் மண்ணின் மின்கடத்துதிறனும் கூடும்; அது ஒரு மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸ் என்ற அளவைத் தாண்டினால் அதை உப்பு மண் என்றே வகைப்படுத்துவார்கள். அதில் இளநாற்றுகளின் நுனி கருகும். எண்ணெய் குவியலுக்குள் காற்று போகவிடாது, எலியையும் அழைத்துவரும். இலையை நீங்கள் நறுக்கிப் போட்டதும் பெரிய உதவி. முழு இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தால் காற்றும் நீரும் ஊடுருவாது. மேலே மெழுகுப் படலம் வேறு இருப்பதால் ஈரமேற நாளாகும். விரல் நீளத் துண்டுகளாக இருந்தால் போதும்.

சமூகத் தோட்டத்து அங்கிள், ஆன்ட்டிகள் தந்த காய்ந்த இலை இல்லையென்றால் இந்தக் கழிவு முழுவதும் அழுகித்தான் போயிருக்கும். ஈரக் கழிவில் நைட்ரஜன் மிகுதி, சருகில் கார்பன் மிகுதி. நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். தோட்டக் கணக்கில் சொன்னால், ஒரு வாளி ஈரக் கழிவுக்கு இரண்டு வாளி சருகு. அம்மோனியா நெடி மூக்கைத் துளைத்தால் சருகு போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை, உடனே கிளற வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசிய வேண்டும். குவியல் ஒரு கன மீட்டராவது இருந்தால்தான் சூடு உள்ளே நிற்கும். 55 பாகை செல்சியஸுக்கு மேல் மூன்று நாள் தொடர்ந்தால் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெரும்பாலும் அழியும். ஓரத்தில் கிடப்பது அந்தச் சூட்டைப் பார்ப்பதில்லை, அதனால்தான் கிளறும்போது வெளியே இருப்பதை உள்ளே தள்ளச் சொன்னோம். 70 பாகையைத் தொட்டால் நமக்கு வேண்டிய நுண்ணுயிர்களும் மடியும்.

துப்புரவாளர்கள் கவனித்துக்கொண்டது எல்லாரும் மறந்துவிடுகிற ஒன்றை: கசிவுநீர்த் தட்டு. இருபது காசு அளவு தேங்கிய நீர் போதும், ஏடிஸ் கொசு முட்டையிட. முட்டை கொசுவாக இந்த வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் பிடிக்கும். தட்டைத் தவறாமல் கவிழ்த்து, மழைக்கு மூடியை இழுத்துவிட்டு நீங்கள் பார்த்துக்கொண்டதால்தான் அக்கம்பக்கத்தார் அச்சமின்றி எங்களை அனுமதித்தார்கள்.

கேள்வித்தாளைத் திருத்தித் தந்த தமிழாசிரியர்களுக்கும் நன்றி. “எத்தனை கிலோ கழிவு?” என்று கேட்டால் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. “எத்தனை வாளி, எத்தனை மணிக்கு நிறையும்?” என்று மாற்றியதும் பதில்கள் தராசோடு ஒத்துப்போயின. பொருளியல் பகுதி முழுவதும் அந்தப் பதில்கள் மீதுதான் நிற்கிறது. பிரிக்கிற நேரத்துக்குக் கூலி கணக்கிடாத எந்தத் திட்டமும் நிலைக்காது என்பது எங்கள் உறுதியான கருத்து, அறிக்கையிலும் அப்படியே எழுதியிருக்கிறோம்.

ஆய்வுக்கூட உதவியாளர்களுக்கு நன்றி. எருவில் ஒரு பங்கை எடையில் பத்துப் பங்கு காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, வடிகட்டி, அதில் பச்சைப்பயறு முளைக்கவைக்கும் சோதனைக்கு அவர்கள் இடம் கொடுத்தார்கள். வெறும் நீரில் முளைத்ததோடு முளைப்பையும் வேர் நீளத்தையும் ஒப்பிட்டு வரும் குறியீடு 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், செடிக்குத் தீங்கில்லாத எரு என்று கொள்வது வழக்கம்.

சலித்த எரு சமூகத் தோட்டத்தில் இருக்கிறது, உதவிய எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. ஒரு பங்கு எருவுக்கு மூன்று பங்கு மண் கலந்து கறிவேப்பிலை, கத்திரி, பாண்டான் தொட்டிகளுக்குப் போடலாம். விதைத்தட்டுக்கு மட்டும் வேண்டாம். பை வாயை இறுகக் கட்டாமல் நிழலில் வையுங்கள். உங்கள் கடைக்கான எடைக் கணக்கைத் தமிழில் அச்சிட்டு நேரில் கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
மாணவர் ஆய்வுக் குழுவினர்