செயலாளர் ஆண்டறிக்கை: முதலில் பாட்டு, பிறகு பேச்சு

தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தொழிலாளர் வரலாறு, சமூக நீதி, நாட்டார் பாட்டு, கவிதை இவற்றைச் சேர்த்துப் பேசும் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தவறாமல் நடந்தன. சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி கூட்டத்தின் வரிசையை மட்டும் மாற்றினோம். முன்பெல்லாம் பேச்சாளர் ஒரு மணி நேரம் பேசி முடித்த பிறகு "இப்போது ஒரு பாட்டு" என்று அறிவிப்பது வழக்கம். பாட்டு அங்கே தொட்டுக்கொள்ளும் ஊறுகாயாகவே இருந்தது. இந்த ஆண்டு பாட்டுக்கு முதல் 20 நிமிடம், ஆவண வாசிப்புக்கு 25 நிமிடம், மீதி நேரம் முழுதும் உரையாடல். மொத்தம் இரண்டு மணி நேரம்.

கூட்டத்துக்கு ஒரு தாள்தான். மேலே பாட்டு, நடுவில் ஆவணத்திலிருந்து ஒரு பத்தி, கீழே ஒரு கணக்கு: கூலி, வேலை நேரம், அளவை என ஏதாவது ஒன்று. தாள் இரண்டு பக்கமாக நீண்டால் எல்லோரும் தலை குனிந்து படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள், வாய் திறப்பதில்லை. கணக்கு இல்லாத தாளோடு நடந்த கூட்டங்களில் பேச்சு வெறும் ஆதங்கமாக முடிந்ததையும் பதிவு செய்ய வேண்டும்.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது சென்னையில் பக்கிங்காம் கர்னாடிக் துணி ஆலைத் தொழிலாளர்கள் 1921இல் நடத்திய போராட்டம். அதற்கு ஒரு கூட்டம் போதாமல் அடுத்த மாதமும் அதையே எடுத்தோம். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் நூற்பாலை வேலைநிறுத்தம், அதில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நின்ற விதம், 1918 ஏப்ரல் 27இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், அதை வளர்த்த பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்று பெருமையோடு வரிசையாகச் சொல்லி வருகிறவர்கள் 1921க்கு வந்ததும் இரண்டு வரியில் தாண்டிப் போவது உண்டு. காரணம் தெரிந்ததுதான். அந்த வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெருமளவில் வேலைக்குத் திரும்பினார்கள். ஆலைக்கு அருகிலுள்ள புளியந்தோப்பில் மோதல் மூண்டது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

வேலைநிறுத்தத்தை உடைத்தவர் என்று பொருள்படும் "கருங்காலி" என்ற ஒரே சொல்லில் இதை முடித்துவிடலாம். முதல் கூட்டத்தில் அப்படித்தான் முடிந்தது. இரண்டாம் கூட்டத்தில் ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜாவின் தரப்பையும், அவருக்கும் நீதிக்கட்சித் தலைமைக்கும் இதில் ஏற்பட்ட பிணக்கையும் எடுத்து வைத்த பிறகு கேள்வி மாறியது. ஆலைக்குள் ஒரே சங்கம், ஆலைக்கு வெளியே ஒரே குழாயில் தண்ணீர் உண்டா? வேலைநிறுத்தம் நீளும்போது கடன் கொடுக்க யாருக்கு உறவு இருந்தது, யாருக்கு இல்லை? தொழிலாளர் வரலாற்றையும் சமூக நீதியையும் தனித்தனி மாதத்தில் வைக்கக் கூடாது என்று செயற்குழு முடிவெடுத்தது இந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான்.

கீழத்தஞ்சைக் கூட்டத்துக்கு நடவுப் பாட்டோடு, நெல் அளக்கும் மரக்கால் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தோம். வாய்பாட்டின்படி 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். நடைமுறையில் மரக்காலுக்கு எத்தனை படி என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். ஆகவே பாட்டிலோ பழைய கணக்கிலோ "மரக்கால்" என்று வந்தால் எந்த ஊர் மரக்கால் என்று கேட்காமல் லிட்டருக்கு மாற்றக் கூடாது. அன்று செய்து காட்டியது இது. மரக்காலில் நெல்லைக் கூம்பாக அளந்து விரிப்பில் கொட்டினோம். பக்கத்திலேயே அதே மரக்காலில் தலைதட்டி, கோலால் வழித்து, அளந்து கொட்டினோம். இரண்டு குவியலுக்கும் உள்ள வித்தியாசம் தள்ளி உட்கார்ந்தவர்களுக்கும் தெரிந்தது. வாங்கும்போது கூம்பு, கொடுக்கும்போது தலைதட்டு என்றால் கணக்கில் ஒரு எழுத்தும் மாறாமல் கூலி குறையும். அரசு முத்திரையிட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்று 1940களில் விவசாயிகள் சங்கம் ஏன் கேட்டது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதே தாளில், பண்ணையாட்களுக்காக நிலவுடைமையாளர்களோடு செய்துகொண்ட 1944 மன்னார்குடி ஒப்பந்தமும் இருந்தது. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துச் சாணிப்பால் என்று புகட்டுவதும் நிற்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டியிருந்த காலம் அது. அங்கிருந்து 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், அங்கிருந்து 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணி. 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அரைப்படி நெல்லுக்காக எரிக்கப்பட்டார்கள் என்று சொல்வது பழகிவிட்டது. கூலியோடு, சங்கத்தின் செங்கொடியை இறக்கும்படி நிலவுடைமையாளர்கள் சொன்னதும் சேர்ந்ததுதான் அந்தப் பகை. அரைப்படியை மட்டும் சொன்னால் பாதியைத்தான் சொல்கிறோம்.

வேலைப் பாட்டுகளைப் பதிவு செய்யும் பணியில் பிழைகள் நிறைய நேர்ந்தன. அடுத்து வருகிறவர்களுக்காக விரிவாக எழுதுகிறேன். நடவுப் பாட்டை நாற்காலியில் உட்கார வைத்துப் பாடச் சொன்னால் வேகம் கூடிவிடும், அடியும் நீண்டுவிடும். குனிந்து நடும்போது மூச்சு சிறிது. அடி குறுகியிருப்பதும், முன்பாட்டுக்காரர் விட்ட இடத்தைப் பின்பாட்டு உடனே பிடிப்பதும் அதனால்தான். நாற்று இல்லாவிட்டாலும் குனிந்து கை போட்டபடி பாடச் சொல்லுங்கள். கிணற்றில் ஏற்றம் இறைக்கும்போது பாடும் ஏற்றப் பாட்டில் எண்கள் அலங்காரத்துக்காக வருவதில்லை. எத்தனை சால் (நீர் மொள்ளும் கலம்) இறைத்தாயிற்று என்பதன் கணக்கே அந்தப் பாட்டுதான். எழுதும்போது எண்ணை விட்டால் பாட்டே போயிற்று.

"ஏலேலோ", "தன்னானே" போன்றவற்றையும் "திரும்பப் பாடுக" என்று குறிக்காமல் ஒவ்வொரு முறையும் முழுதாக எழுத வேண்டும். அச்சான தொகுப்புகள் பலவற்றில் இவை உதிர்ந்துபோனதால் சொல் கிடைக்கிறது, மெட்டு கிடைப்பதில்லை. "வந்தாக", "போனாக" என்று பாடியதை "வந்தார்கள்", "போனார்கள்" என்று திருத்துவது அடுத்த குற்றம். திருத்திய அடி தாளத்தில் உட்காராது, ஊரும் அழிந்துபோகும்.

ஒப்பாரி தனிக் கவனம் கேட்பது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடப் பலர் சம்மதிக்க மாட்டார்கள், வற்புறுத்தவும் கூடாது. வீட்டுக்கு வெளியே, அதுவும் அவர்களாக ஒப்புக்கொண்டால் மட்டும். சம்மதத்தைப் பாட்டுக்கு முன்னும், பாடியதைப் போட்டுக் காட்டிய பின்னும், இரு முறை கேட்க வேண்டும். துக்கம் ஏறிப் பாடியதை வெளியே விட வேண்டாம் என்று பிறகு சொன்னவர்கள் உண்டு. அந்தப் பதிவுகளை அழித்துவிட்டோம்.

பறைப் பயிற்சி மாதம் இரு முறை நடந்தது. தோலைக் காய்ச்ச வைக்கோல்தான் சரி, விறகு ஆகாது. வைக்கோல் தீ சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். விறகுத் தணல் ஒரே இடத்தைச் சுட்டுத் தோலை வெடிக்க வைக்கும். பறையைத் தீக்கு மேல் நிறுத்தி வைக்காமல் சுழற்றியபடி காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மந்தமான ஒலி கணீரென்று மாறியதும் எடுத்துவிட வேண்டும். பனிக்கால மாலையில் ஈரம் ஏறித் தோல் சீக்கிரம் தளரும், ஆகவே நிகழ்ச்சி நடுவில் மீண்டும் காய்ச்ச இடமும் ஆளும் முன்கூட்டியே வேண்டும். கூட்டம் நடந்த ஒரு மண்டபத்தில் வளாகத்துக்குள் தீ மூட்டவே கூடாது என்று கடைசி நேரத்தில் சொல்லிவிட்டதால் அன்று தளர்ந்த பறையோடு சமாளித்தோம். ஃபைபர் தோலுக்குக் காய்ச்சல் வேண்டாம், மழைக்கும் அஞ்சாது. ஆனால் தடித்த அடிக்குச்சியின் கனமும் மெல்லிய சிம்புக்குச்சியின் சீறலும் அதில் பிரிந்து கேட்பதில்லை. பழகுவதற்கு ஃபைபர், அரங்குக்குத் தோல் என்பது பயிற்சியாளர்களின் முடிவு. பதிவு செய்யும்போது கைபேசி குறைந்தது 15 அடி தள்ளி இருக்கட்டும். கிட்டே வைத்தால் ஒலி உடைந்து இரைச்சல்தான் மிஞ்சும்.

சாவுக்குப் பறையடிக்க மறுத்த போராட்டங்களையும், அதே பறையை மேடைக்குக் கொண்டுவந்ததையும் ஒன்றாக வைத்துப் பேசிய கூட்டத்தில் கருத்து ஒன்றுபடவில்லை. கருவியை விட்டொழிப்பதே விடுதலை என்றவர்களும், கருவியை மீட்பதே விடுதலை என்றவர்களும் கடைசி வரை தங்கள் இடத்திலேயே நின்றார்கள். அறிக்கையில் சமரசம் எழுத எனக்கு விருப்பமில்லை.

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்கள் பற்றிய கூட்டத்தில், காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) எழுப்ப அடித்த தப்பு என்னும் பறை பேச்சுக்கு வந்தது. அங்கே அதே கருவி, ஆட்களை மேய்க்கும் கங்காணியின் கடிகாரம்.

கவிதைக்கு ஒரு விதி வைத்தோம்: கவியரங்கக் குரல் வேண்டாம். ஒரே கவிதையை இருவர் இரண்டு முறை வாசிப்பார்கள், நடுவில் கைதட்டல் கிடையாது. கவிஞர் இன்குலாபின் வரிகள் நாட்டார் பாடகர் கே.ஏ. குணசேகரன் குரலில் பாட்டாகி ஊர் ஊராகப் போனதை வைத்து, அச்சில் இருப்பதற்கும் பாடப்படுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசினோம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் கூட்டத்தில் எல்லோருக்கும் எல்லாப் பாட்டும் தெரிந்திருந்தது. அதனாலேயே புதிதாக எதுவும் பேசப்படவில்லை.

வேலை நேரம் பற்றிய மே மாதக் கூட்டம் சுருக்கமாக நடந்தது. 1923 மே 1இல் சிங்காரவேலர் சென்னையில் நடத்திய மே நாளிலிருந்து தொடங்கி, வாரத்துக்கு 60 மணி (1922), 54 மணி (1934), 48 மணி (1946) என்று தொழிற்சாலைச் சட்டம் இறங்கி வந்த கணக்கைத் தாளில் கொடுத்தோம். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றி, பிறகு திரும்பப் பெற்ற 12 மணி நேர வேலைத் திருத்தத்தையும் அதன் கீழே சேர்த்தோம்.

குறைகள்: கூட்டங்களில் பெண்கள் பாடினார்கள், பேசியது பெரும்பாலும் ஆண்கள். பாட்டு முடிந்ததும் பாடியவரிடமே முதல் கேள்வியைக் கொடுப்பது என்று ஆண்டின் பிற்பாதியில் மாற்றியபின் ஓரளவு சரியானது. பதிவுகளுக்கு இரண்டாம் நகல் எடுக்கும் வேலை இன்னும் பாக்கி. கோப்புக்குத் தேதி, ஊர், பாட்டு வகை என்ற வரிசையில் பெயரிட வேண்டும் என்று சொல்லியும் "புதிய பதிவு 7" என்றே பல கிடக்கின்றன.

வரும் ஆண்டுக்கு 1928 தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம், 1946இல் திருச்சி பொன்மலை ரயில்வே தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூடு, 1999இல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கான பேரணியில் திருநெல்வேலி தாமிரபரணி ஆற்றில் நேர்ந்த சாவுகள் ஆகியவற்றைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. தாமிரபரணிக் கூட்டத்தை மாஞ்சோலைத் தோட்டத்துப் பாட்டோடு தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நம்மிடம் உள்ள பறைகளில் ஒன்றின் சட்டத்தை இணைக்கும் இரும்புப் பட்டை தளர்ந்துவிட்டது, அடுத்த பயிற்சிக்குள் மாற்றியாக வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்