வெளியேறும் அணுக்களின் கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் அண்ணன் சொன்ன செய்தியைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. நீயாகச் சொல்லும்வரை அது எனக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள். ஆய்வகத்தில் பாதுகாப்புக் கண்ணாடியை மட்டும் கழற்றாதே. ரூபிடியம் என்னும் உலோகத்தின் அணுக்களுக்குப் பயன்படுத்தும் 780 நானோமீட்டர் லேசர் ஒளி கண்ணுக்கு அரைகுறையாகவே தெரியும் என்பதால், அது பட்டாலும் இமை தானாக மூடிக்கொள்ளும் என்று நம்ப முடியாது என்பதை எனக்குச் சொன்னவளே நீதான்.

நீ முன்பு அனுப்பிய ஆய்வுக்கட்டுரைகளை மறுபடியும் எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் நான் நடத்தியதெல்லாம் சமநிலையை அடைந்துவிட்ட வாயுதான். அழுத்தம், பருமன், வெப்பநிலை ஆகிய மூன்றையும் சொல்லிவிட்டால் பாடம் முடிந்துவிடும். நீயோ, ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே குளிர்வித்த அணுக்களை வேண்டுமென்றே கலைத்துவிட்டு, அவை சமநிலைக்குத் திரும்பும் முன் என்ன செய்கின்றன என்று பார்க்கிறாய். என் பாடம் முடிந்த இடத்துக்கு அப்பால் என் மகள் நிற்கிறாள் என்பதை யாரிடமும் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

அவற்றுள் 2016-இல் கேம்பிரிட்ஜ் குழுவினர் வெளியிட்ட கட்டுரையே எனக்கு மிகவும் பிடித்தது. லேசர் ஒளியால் சுவர் எழுப்பிய பெட்டிக்குள் ரூபிடியத்தின் போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளை, அதாவது கடுங்குளிரில் அணுக்களெல்லாம் ஒரே அலையைப் போல நடந்துகொள்ளும் வாயுவை, அடைத்து, அதை ஒரே திசையில் முன்னும் பின்னும் ஆட்டியிருக்கிறார்கள். பெட்டியளவு பெரிய அலையாகப் புகுந்த ஆற்றல் மேலும் மேலும் சிறிய அலைகளுக்குக் கைமாறியது. ஆட்டியது ஒரு திசையில் என்றாலும், அணுக்களின் உந்தம் எல்லாத் திசைகளிலும் ஒரேபோலப் பரவி, உந்தம் கூடக்கூட அணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 3.5 என்ற அடுக்குக்குறியோடு குறையும் விதிக்குள் வந்து நின்றது. ரஷ்யக் கணிதவியலாளர் கோல்மோகோரோவ் 1941-இல் சாதாரணப் பாய்மங்களின் கொந்தளிப்பில் கண்ட அதே கைமாற்றம், இங்கே அலைகளுக்கிடையே நடக்கிறது.

அதன் தொடர்ச்சியாக 2019-இல் வந்ததைப் படித்தபோதுதான் உன் நினைவு அதிகமாக வந்தது. ஒளிச்சுவரின் உயரத்தைக் கூட்டியும் குறைத்தும், எவ்வளவு ஆற்றல் பெற்ற அணு தப்பிச்செல்லலாம் என்பதை அவர்களே வரையறுத்துவிட்டு, வெளியேறும் அணுக்களை எண்ணி, உள்ளே கைமாறிச்செல்லும் ஆற்றலின் அளவைக் கண்டிருக்கிறார்கள். ஆட்டத் தொடங்கிய உடனே அணுக்கள் வெளியேறிவிடுவதில்லை. ஆற்றல் சுவரின் உயரத்தை எட்டும்வரை எண்ணிக்கை அப்படியே இருந்து, அதன் பிறகே குறைகிறது. எதுவும் வெளிவராத அந்த இடைவெளியில் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. உன் மௌனத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள முயல்கிறேன்; ஆனாலும், அளந்து பார்ப்பதற்காவது ஏதேனும் ஒன்று வெளியே வரவேண்டும் அல்லவா? இரண்டு வரி எழுத அப்படி என்ன நேரமாகிவிடும்?

பொதுவாக ஒன்று சொல்கிறேன், உன்னைக் குறித்து அல்ல. ஆற்றல் மிகுந்தால் பாய்மத்தில் ஒரே திசையில் சுழலும் சுழல்கள் ஒன்றுகூடிப் பெருஞ்சுழலாகும் என்று ஒன்சாகர் என்ற அறிவியலாளர் 1949-இல் எழுதியதை, ஆஸ்திரேலியாவின் இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் பரிசோதித்து 2019-இல் ஒரே இதழில் வெளியிட்டன. அதற்கு முந்தைய ஆண்டு ஹைடல்பெர்க் குழுவும் வியன்னா குழுவும், சமநிலையிலிருந்து வெகுதூரம் விலகிய வாயு தன் தொடக்கத்தையே மறந்து, காலம் போகப்போக ஒரே வடிவத்தை அளவு மட்டும் மாற்றிக்கொண்டு காட்டுகிறது என்பதை வெவ்வேறு கருவிகளால் நிறுவின. ஒன்று வந்ததால் மற்றொன்று வீணானது என்று எவரும் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் தெரிந்ததால்தான் அதற்கு நம்பகம் கூடியது. அப்படியிருக்க, யாரோ முந்திக்கொண்டார்கள் என்பதற்காக உழைத்துச் சேர்த்த தரவையெல்லாம் பூட்டிவைத்துவிட்டு ஆய்வையே விடுவதாக உன் அண்ணனிடம் சொல்வதும், எங்களிடம் சொல்லாமல் இருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்கப்போவதில்லை என்றுதான் தொடங்கினேன்; எழுதிவிட்டேன், அந்த வரியை அடித்து நீக்க மனமில்லை.

இரவு வேலை வேண்டாம் என்று சொன்னால் நீ கேட்கமாட்டாய், கண்ணாடியையாவது போட்டுக்கொள். தூக்கம் கெட்ட கண்ணோடு லேசர் மேசையின் பக்கம் குனியாதே.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. எளிய அலைக் கொந்தளிப்புக் கோட்பாடு அந்த அடுக்குக்குறியை 3 என்று கணக்கிட, பரிசோதனையில் 3.5 வருவதற்கு என்ன காரணம்? நீ பொறுமையாக எழுதி விளக்கினால் எனக்குப் புரியும். அம்மாவும் பதிலுக்குக் காத்திருக்கிறாள், அவளுக்கு 3.5-ஐப் பற்றிக் கவலை இல்லை என்றாலும்.

அன்புடன்,
அப்பா