மயானத்துக்கும் தனி வழியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சாதியைப் பற்றிப் பேசும்போது படிப்பு, வேலை, கல்யாணம் வரை வந்து நின்றுவிடுகிறோம். சுடுகாட்டுப் பேச்சு யாருக்கும் பிடிப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த பள்ளியில் சத்துணவு சமைத்த அம்மா, மூன்று வருடங்களுக்கு முன் ஐப்பசி அடைமழையில் இறந்துபோனார். எல்லாத் தெருப் பிள்ளைகளும் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஊர் மயானத்துக்குத் தார்ச்சாலை, எரிமேடை, கொட்டகை, தண்ணீர்க் குழாய் எல்லாம் உண்டு. காலனிக்காரர்களின் சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நடுவில் நட்ட வயல், பாதையே கிடையாது. முழங்கால் சேற்றில் பாடையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உடல் சரிந்துவிடுமோ என்று அவர் மகன் அம்மாவின் காலை ஒரு கையால் பிடித்தபடியே நடந்தார். அவரும் என்னிடம் படித்தவர்தான். நான் வரப்பிலேயே நின்றுவிட்டேன்.

2019இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வழி கிடைக்காமல் பாலாற்றுப் பாலத்திலிருந்து உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அப்புறம் மறந்துவிட்டோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 17வது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. மயானத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதே குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் ஒரே ஊராட்சியில் இரண்டு மயானத்துக்கும் தனித்தனியாகச் சுவர் கட்டுவது அரசுப் பணம்தானே? சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். சரி, பிரித்தே வைத்திருக்கும் ஊர்களை என்ன செய்வது? அங்கே தனி மயானத்துக்கு இனி ஒரு ரூபாய்கூட ஒதுக்கக் கூடாது. இருப்பதில் நல்லதை எல்லாருக்கும் பொது என்று அறிவித்து, முதல் சில இறுதி ஊர்வலங்களுக்காவது அதிகாரிகள் கூடவே நடந்து வர வேண்டும்.

அந்த அம்மாவின் மகன் இன்னும் மனுவோடு அலைகிறார். காலனி சுடுகாட்டுக்குப் பாதை போட நிதி கேட்டிருப்பதாக அவருக்குப் பதில் வந்திருக்கிறது. ஊர் மயானத்தைப் பொதுவாக்கச் சொல்லித்தான் அவர் மனு கொடுத்திருந்தார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.