அணைந்துகொண்டே இருந்த ஹீட்டர்

லெனேசியா, ஜோஹன்னஸ்பர்க்
27.07.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு மூவரும் நலம். போன வாரம் ஃபோனில் "ஹீட்டர் சரியாகிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். அம்மா பக்கத்தில் இருந்ததால் மீதியைச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள். அம்மாவிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது உங்கள் பாடு.

ஊரில் இப்போது ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருக்கும். இங்கே ஆடிதான் கடுங்குளிர். இந்த ஊர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டைவிடச் சற்று மேலே, கொடைக்கானலைவிடக் கீழே. பகல் வெயிலில் வெறும் சட்டையோடு நிற்கலாம். விடியற்காலையில் பார்த்தால் புல்லின்மேல் கல்லுப்பைத் தூவியதுபோல் உறைபனி கிடக்கும். வீடுகளோ கோடையை மட்டும் நினைத்துக் கட்டியவை. தரை முழுக்க டைல்ஸ், ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி. சில காலைகளில் கூடத்தைவிட வாசல்தான் கதகதப்பு.

எங்கள் ஹீட்டர் சக்கரம் வைத்த சின்ன பீரோ போல இருக்கும். முதுகுக்குள் 9 கிலோ கேஸ் சிலிண்டர், முன்பக்கம் சிவந்து எரியும் மூன்று பீங்கான் தட்டுகள். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வாங்கியது. புகைபோக்கி கிடையாது.

ஜூன் கடைசியில் வம்பு தொடங்கியது. பற்றவைத்துக் குமிழிலிருந்து கையை எடுத்தால் 'டக்' என்று அணைந்துவிடும். சிலிண்டரை மாற்றினேன். ரெகுலேட்டரில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி கூடக் கிளம்பவில்லை. அப்போதுதான் நீங்கள் ஃபோனில், "துவாரத்தில் அடைப்பு, ஊசியை விட்டுக் குத்து" என்றீர்கள். முப்பது வருடம் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விட்டவர் சொல்லும்போது யார் மறுப்பார்கள்? ஆனால் உங்கள் மருமகள் தையல் ஊசியை ஒளித்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிட்டாள்.

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். பாட்டனாரின் தகப்பனார் மதராஸில் கப்பலேறி, இந்த நாட்டின் நேட்டால் பகுதியில் கரும்பு வெட்ட வந்தவராம். 'வணக்கம்', 'தாத்தா', 'ஆயா' தவிர அவரிடம் தமிழ் மிச்சமில்லை. ஆனால் ஆடிக் கூழ் மட்டும் தவறாது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே 'பாரிட்ஜ் பிரேயர்' என்கிறார்கள். (முதலியார் இங்கே 'மூட்லி' ஆகியிருக்கும்போது கூழ் பாரிட்ஜ் ஆனதில் என்ன அதிசயம்.)

அவர் ஹீட்டரைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எப்போது அணைகிறது? உடனேயா, நேரம் கழித்தா?"

உடனே என்றேன். உள்ளே விரல் நுனி அளவில் ஒரு பைலட் சுடர் எரியும், அப்பா. அது தெர்மோகப்பிள் என்ற மெல்லிய உலோகக் குச்சியின் நுனியைச் சுட்டபடி இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஏதோ இருபது, முப்பது மில்லிவோல்ட் மின்சாரம் பிறக்கிறது. டார்ச் பல்பு கூட எரியாத அந்த மின்சாரம்தான் ஒரு காந்தத்தைப் பிடித்துக்கொண்டு கேஸ் வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. கோடை முழுவதும் ஸ்டோரில் கிடந்ததில் சுடரின் வாயில் தூசி அடைத்து, குச்சியின் நுனியில் கரி படிந்திருந்தது. நுனியைத் தேய்த்துத் துடைத்தார், காற்றை ஊதித் தூசியைத் தள்ளினார். ஊசியைப் பற்றிக் கேட்டேன். கூடவே கூடாது என்றார். அந்தத் துவாரம் அளந்து போட்டது, மயிரிழை பெரிதானாலும் சுடரின் கணக்கே மாறிவிடுமாம். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் தோற்றீர்கள்.

நான்கு நாள் நன்றாக எரிந்தது. பிறகு புதிய வழக்கம்: நாற்பது நிமிடம் எரியும், அணையும். மறுபடி பற்றவைத்தால் பத்து நிமிடம், அடுத்த தடவை ஐந்து. எனக்கு வந்த ஆத்திரத்தில், குமிழை அழுத்தியபடியே ரப்பர் பட்டை போட்டுக் கட்டிவிடலாமா என்று கூட நினைத்தேன். அந்த வாரம் பாப்பாவுக்கு இரண்டு நாள் தலைவலி, ஒரு நாள் வாந்தி. பள்ளிக்கூடம் போனால் சரியாகிவிடும், இரவில் திரும்ப வரும். சளி என்றுதான் நினைத்தோம்.

அவர் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஹீட்டர் பக்கமே போகவில்லை. குளிருக்கு நான் ஜன்னல் இடுக்குகளில் ஒட்டியிருந்த டேப்பையும், கதவடியில் சுருட்டித் திணித்திருந்த துண்டையும் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு விளக்கினார். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மூடிய அறையில் அது 18-ஐ ஒட்டி இறங்கினால் பைலட் சுடர் காற்றைத் தேடி நீண்டு எழும்பி, குச்சியை விட்டு விலகிவிடும். குச்சி ஆறும், வால்வு மூடும். வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலும் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. முதலில் தலைவலியும் குமட்டலும், பிறகு தூக்கம், அந்தத் தூக்கத்திலேயே முடிந்துவிடும். இந்த உயரத்தில் காற்று ஏற்கெனவே ஆறில் ஒரு பங்கு மெலிவு. ஒவ்வொரு தடவை அணைந்தபோதும் நான் திட்டிக்கொண்டே திரும்பப் பற்றவைத்திருக்கிறேன்.

ரப்பர் பட்டை யோசனையை அவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. டேப்பைத் தாமே உரிக்க ஆரம்பித்தார்.

அன்றே பாப்பாவை டாக்டரிடம் காட்டினோம், பயமில்லை என்றார். தலைவலி அதோடு போயிற்று. இப்போது ஜன்னல் இரண்டு விரல் கடை திறந்திருக்கிறது. படுக்கப் போகுமுன் ஹீட்டரை அணைத்துவிடுகிறோம். மோனாக்சைடுக்கு அலறும் கருவி ஒன்றும் சுவரில் மாட்டியாகிவிட்டது. உங்கள் மருமகள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உலாவுகிறாள்.

ஒன்று கேட்க வேண்டும். மார்கழியில் கடைக்குள் விளக்குகளைப் பற்றவைத்துச் சோதிக்கும்போது, பலகைக் கதவில் ஒரு பலகையை எப்போதும் கழற்றியே வைத்திருப்பீர்கள். அதன் வழியாக வரும் வாடைக்காற்றில் நடுங்கிக்கொண்டு மேண்டில் கட்டியிருக்கிறேன். மூடச் சொன்னால் முறைப்பீர்கள். மண்ணெண்ணெய் நாற்றம் போவதற்காகத்தான் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அது இதற்காகவா? ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்