புல்லுக்குத் தண்ணீர் எங்கே? மைதானத்தை அரங்கமாக்க நினைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட நிர்வாகத்துக்கும் நகராட்சி, விளையாட்டுத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

இராமநாதபுரமோ கீழக்கரையோ, இந்தக் கடலோரத்தில் எந்தக் கால்பந்து மைதானத்தைக் கச்சேரியும் பொருட்காட்சியும் நடக்கும் பல்நோக்கு அரங்கமாக்கத் திட்டமிட்டாலும், வரைபடத்தில் முதலில் வருவது கூரையும் விளக்கும்தான். நாங்கள் முதலில் கேட்பது தண்ணீர்க் கணக்கு.

கால்பந்துக் களம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஓரங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 8,000 சதுர மீட்டர். கோடையில் புல்லுக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் என்றாலும் 40,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரிக்கு மூன்று நடை போதாது. காவிரிக் கூட்டுக் குடிநீரை நம்பிக் குடத்தோடு நிற்கும் ஊரில் அதைப் புல்லுக்குக் கேட்கக் கூடாது. போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதையே பாய்ச்சினால் உப்பு வேரடியில் தங்கும், மண் இறுகும், பிறகு மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காது. சுத்திகரித்த கழிவுநீரும், ஐப்பசி கார்த்திகை மழையை ஊருணி வெட்டித் தேக்கிய நீரும்தான் வழி. உவர்நீரைக் கலந்தே ஆகவேண்டுமென்றால் அவ்வப்போது கூடுதலாகப் பாய்ச்சி உப்பைக் கீழே கழுவிவிட வேண்டும். அதற்கு அடியில் வடிகால் தேவை: மேலே 30 செ.மீ. மணல், கீழே 10 செ.மீ. சரளை, அதற்கும் கீழே துளைக் குழாய். கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடக்கிறதே என்பார்கள். சிப்பித்தூளும் உப்பும் கலந்த அந்தப் பொடிமணல் ஆட்டக்காரர் காலடியில் நழுவும். அதை அள்ளுவதும் குற்றம். புல்லில் உப்பை அதிகம் தாங்குவது பாஸ்பாலம், அடுத்தது நம் அருகம்புல்லின் கலப்பினம்.

லண்டனில் 2019-இல் திறந்த டாட்டன்ஹாம் கால்பந்து அரங்கில் புல்தரையே மூன்று துண்டாகப் பிரிந்து இருக்கைகளுக்கு அடியில் போய்விடும். அந்தச் செலவு நமக்குப் பேச்சே இல்லை. அதே ஊரில் 2007-இல் திறந்த புதிய வெம்ப்ளி அரங்கில், ஆட்டத்தோடு மற்ற நிகழ்ச்சிகளும் நடந்ததால், முதல் சில ஆண்டுகளிலேயே திரும்பத் திரும்பப் புல் மாற்றினார்கள். நமக்கு எளிய வழி உண்டு. ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் 20 மீட்டர் தூரத்துக்கு நிரந்தரக் கான்கிரீட் தளம் போட்டு மேடையை அங்கேயே கட்டினால் லாரியும் கிரேனும் புல்லில் ஏறாது. பார்வையாளர் நிற்கும் இடத்தில் விரிக்கும் பலகை இரண்டு நாளுக்கு மேல் கிடக்கக் கூடாது. நம் வெயிலில் அடியில் புல் வெந்துவிடும்.

மேடையின் திறந்த முகம் தென்மேற்கைப் பார்க்கக் கூடாது. ஆனி ஆடிக் கச்சான் காற்று உள்ளே புகுந்தால் கூரையைப் படகின் பாய் போலத் தூக்கும். பின்திரை ஓரிரு நிமிடத்தில் அவிழ்க்கும்படி இருக்க வேண்டும்.

கான்கிரீட்டின் வலிமைத் தரம் எம்30-க்குக் குறையக் கூடாது, கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் காப்பு, கடல் தெறிக்கும் இடமானால் எம்35, 50 மி.மீ. உவர்நீரில் கலவை போட்டால் சில வருடத்தில் கம்பி துருப்பிடித்து வெளியே தெரியும்.

வாசல் கணக்கு தனி. கேலரிக்குப் போட்ட வழி, களத்தில் நிற்கும் கூட்டத்துக்கு உதவாது. வாசல் அகலத்தில் ஒரு மீட்டருக்கு நிமிடத்தில் 82 பேர், 8 நிமிடத்தில் வெளியேற்றம் என்று வைத்தால், களத்தில் 5,000 பேருக்கு மட்டும் மொத்தம் 8 மீட்டர் அகல வாசல் வேண்டும், அதுவும் பூட்டில்லாமல். மேடை விளிம்பில் ரிப்பன் கட்டித் தடுப்பு என்று சொல்லாதீர்கள். 2024 டிசம்பரில் கொச்சி அரங்கில் தற்காலிக மேடையிலிருந்து விழுந்து ஒரு சட்டமன்ற உறுப்பினரே படுகாயம் அடைந்தார்.

ஒலிபெருக்கி இரவு பத்து மணிக்கு நிற்க வேண்டும். விலக்கு, ஆண்டுக்கு 15 நாள், நள்ளிரவு வரை மட்டும். ஸ்பெயினின் மாட்ரிட் நகரப் பெர்னபேயு கால்பந்து அரங்கிலேயே அக்கம்பக்கத்தார் புகாரால் 2024-இல் கச்சேரிகளை நிறுத்தினார்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் இரண்டை எழுதுங்கள்: ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னும் நான்கு வாரம் களம் புல்லுக்கும் பந்துக்கும் மட்டும், கெட்ட புல்லை மாற்றும் செலவு முன்பணத்திலேயே பிடித்தம்.

இப்படிக்கு,
கடலோரக் கால்பந்து ஆட்டக்காரர்கள், மைதானப் பராமரிப்பாளர்கள்