'போர்நிறுத்தம்' என்ற ஒரு சொல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த இரு நாடுகளுக்கிடையே மோதல் வெடித்தாலும் நம் நாளிதழ்த் தலைப்புகளில் பெரும்பாலும் இரண்டே சொற்கள்தான்: போர், போர்நிறுத்தம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் விவாதத்தில் இறங்குகிறார்கள். 'போர் முடிந்துவிட்டது' என்கிறார் ஒருவர். அடுத்த வாரம் குண்டு விழுந்ததும் 'ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள்' என்கிறார் இன்னொருவர். பல நேரம் போரும் முடிந்திருக்காது, ஒப்பந்தம் என்று எதுவும் கையெழுத்தாகியும் இருக்காது. இந்தக் குழப்பத்தில் பெரும்பங்கு மொழிபெயர்ப்பால் வருவது.

காசாவில் 2023 நவம்பர் 24 அன்று சண்டை நின்றது. பணயக்கைதிகளை விடுவிக்கவும் நிவாரண லாரிகள் உள்ளே போகவும் நான்கு நாள் என்று கெடு வைத்தே தொடங்கிய இடைநிறுத்தம் அது. இரண்டு நாள், பிறகு ஒரு நாள் என்று நீட்டி, டிசம்பர் 1 காலையில் முடிந்தது. கெடு முடிந்தால் சண்டை தொடரலாம் என்பது அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது. இதற்கும் 'போர்நிறுத்தம்' என்று தலைப்பிட்டால், எட்டாம் நாள் நடந்ததை வாசகர் எப்படிப் புரிந்துகொள்வார்?

காசா குறித்து 2024 மார்ச் 25 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 2728ஆம் தீர்மானம் இதைவிட நுட்பமானது. பதினான்கு நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா வாக்களிக்காமல் ஒதுங்கியது. ரமலான் மாதத்துக்கு உடனடிப் போர்நிறுத்தம் வேண்டும், அது 'நீடித்த' போர்நிறுத்தத்துக்கு இட்டுச்செல்ல வேண்டும் என்பது வாசகம். முந்தைய வரைவில் அந்த இடத்தில் 'நிரந்தர' என்று இருந்தது. கடைசி நேரத்தில் மாற்றினார்கள். பழைய சொல்லையே திரும்பச் சேர்க்க ரஷ்யா கொண்டுவந்த திருத்தம் தோற்றது. ஒரே ஒரு பெயரடைக்காக அவையில் இவ்வளவு நடந்திருக்க, தமிழில் இரண்டையும் 'நிரந்தர' என்றே எழுதிவிட்டால் செய்தியே காணாமல் போகிறது.

வினைச்சொற்களும் அப்படித்தான். பாதுகாப்பு அவை 'வருந்துகிறது', 'அழைப்பு விடுக்கிறது', 'கோருகிறது', 'முடிவுசெய்கிறது' என்று படிப்படியாக அழுத்தம் கூட்டும். நமக்கோ எல்லாமே 'வலியுறுத்தல்'. 2728இல் இருந்தது 'கோருகிறது'. அப்படியிருந்தும் அது யாரையும் கட்டுப்படுத்தாது என்றது அமெரிக்கா. பாதுகாப்பு அவையின் முடிவுகளை ஏற்று நிறைவேற்ற உறுப்பு நாடுகள் ஒப்புக்கொள்கின்றன என்கிறது ஐ.நா. சாசனத்தின் 25ஆம் பிரிவு. அமெரிக்காவின் வாதத்தை வாசகர் எடைபோட வேண்டுமானால் மூல வினைச்சொல் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது ஆர்மிஸ்டிஸ், அதாவது படைத்தலைமைகள் செய்துகொண்ட போர் ஓய்வு உடன்படிக்கை. தென்கொரியா அதில் கையெழுத்திடவே இல்லை. சமாதான ஒப்பந்தம் அதன்பின் வரவும் இல்லை. 'கொரியப் போர் 1953இல் முடிந்தது' என்று எழுதுவது சட்டப்படி சரியல்ல.

2025 மே 10 அன்று இந்தியா-பாகிஸ்தான் மோதல் நின்றது நமக்கு மிக அருகில் நடந்தது. அமெரிக்க அதிபர் 'முழுமையான, உடனடிப் போர்நிறுத்தம்' என்று அறிவித்தார். நம் வெளியுறவுச் செயலரின் அறிக்கையோ, பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் பிற்பகல் 3.35க்கு நம் தரப்பு இயக்குநரை அழைத்தார், மாலை 5 மணி முதல் தரை, வான், கடல் மூன்றிலும் சுடுவதையும் ராணுவ நடவடிக்கையையும் நிறுத்த இருவரும் ஒப்புக்கொண்டனர் என்றது. மூன்றாம் நாட்டின் மத்தியஸ்தத்தை ஏற்காத டெல்லியின் நெடுநாள் நிலைப்பாடு அந்தச் சொல்தேர்வில் இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால், வாஷிங்டனும் டெல்லியும் வேறுவேறு கதை சொல்கின்றன என்பது தெரியாமலே போகும்.

இலங்கையில் அரசும் விடுதலைப் புலிகளும் 2002 பிப்ரவரியில் கையெழுத்திட்ட போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து விலக 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது விதி. கொழும்பு 2008 ஜனவரி தொடக்கத்தில் அறிவிப்பு கொடுத்து, 16ஆம் தேதி விலகியது. அதற்கு முன்பே, 2006 முதல், கடும் சண்டை நடந்துகொண்டிருந்தது. காகிதத்தில் போர்நிறுத்தம், களத்தில் போர். அந்த இடைவெளியில் சிக்கியவர்கள் நம் மக்கள்.

ஆகவே தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். கெடு வைத்த நிறுத்தத்துக்கு 'இடைநிறுத்தம்', படைத்தலைமைகள் கையெழுத்திட்டதற்குப் 'போர் ஓய்வு உடன்படிக்கை', அரசுகள் போரைச் சட்டப்படி முடித்துக்கொள்வதற்குச் 'சமாதான ஒப்பந்தம்' என்று பிரித்து எழுதுங்கள். வேறெதிலும் அடங்காதபோது மட்டும் 'போர்நிறுத்தம்' போதும். அறிவித்தது யார், கையெழுத்து உண்டா, எப்போது முடிகிறது என்ற மூன்றும் முதல் பத்தியிலேயே வரட்டும். வாஷிங்டன் நேரத்தில் வரும் அறிவிப்புகளை இந்திய நேரத்துக்கு மாற்றிப் போடுங்கள். அங்கே இரவு என்றால் இங்கே பல சமயம் மறுநாள் காலை ஆகிவிடுகிறது. கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதில் வரும் பிழைகளில் பல அங்கேதான் தொடங்குகின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி