பூங்காவில் பாட மைக் எதற்கு?

ஆசிரியருக்கு,

அக்கம்பக்கத்தார் சேர்ந்து பூங்காவில் பாடலாம் என்று பேச்சு எழுந்ததும் முதல் வேலையாக ஒலிபெருக்கிக்கு ஏற்பாடு செய்கிறார்கள். மைக் வந்துவிட்டால் அதைப் பிடித்தவர் பாடகர், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள். இருபது பேர் சேர்ந்து இசைக்க மைக் தேவையே இல்லை. எப்படி நிற்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

வட்டமாக நிற்க வேண்டும். குறுக்களவு ஆறு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 17 மீட்டர் தள்ளி நிற்பவர் காதில் தட்டும் ஒலி விழ நொடியில் இருபதில் ஒரு பங்கு பிடிக்கும். அதைக் கேட்டு அவர் தட்டுவது இந்தப் பக்கம் வர இன்னொரு பங்கு. கூட்டம் பரந்து நின்றால் தாளம் இழுப்பது இதனால்தான். 'இவர்களுக்குத் தாள ஞானமே இல்லை' என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. ஒரு பக்கமாவது சுவர் இருக்கும் இடம் நல்லது. வெட்டவெளியில் தன் குரல் தனக்கே கேட்காமல் எல்லோரும் கத்துவார்கள். கத்தினால் சுருதி தப்பும்.

சுருதியை, அதாவது பாட்டின் ஆதார ஒலியை, ஒரு கட்டையில் (ஆர்மோனியத்தில் C) வையுங்கள். மெட்டு ஸட்ஜமத்துக்கும் (முதல் சுரம், ஸ) தைவதத்துக்கும் (ஆறாவது சுரம், த) நடுவில் அடங்கட்டும். பெண்களும் குழந்தைகளும் மேல் ஸ்தாயியில், ஆண்கள் கீழ் ஸ்தாயியில் பாடினால் யாருக்கும் தொண்டை வலிக்காது. முன்னால் நின்று பாடும் பெண்ணுக்கு வசதி என்று ஐந்து கட்டைக்கு (G) போனால் பயிற்சியில்லாத ஆண்கள் திணறுவார்கள்: கீழே குரல் எட்டாது, மேலே ஏறாது. மோகன ராகத்தின் ஐந்து சுரங்கள் (ஸ, ரி, க, ப, த) போதும். அவற்றுக்குள் அரைச்சுர இடைவெளி (சேர்ந்து ஒலித்தால் உரசும் மிகச் சிறிய இடைவெளி) இல்லை; ஆகவே புதிதாக வந்தவர் எதைப் பிடித்தாலும் பக்கத்துக் குரலோடு பெரிதாக உரசாது.

தாளத்தில்தான் காரியம் கெடும். ஆளுக்கொரு டிரம் கொடுத்தால் பாட்டு காணாமல் போய்விடும். இருபது பேருக்கு மூன்று டிரம், ஐந்து கிலுகிலுப்பை. மற்றவர்களுக்குக் குரலும் கையும். கவிழ்த்த 20 லிட்டர் தண்ணீர் கேனே நல்ல டிரம்: நடுவில் தட்டினால் கனத்த ஒலி, விளிம்பில் வெடுக்கென்ற ஒலி. ஒன்று முதல் எட்டு வரை எண்ணும்போது கேனை 1, 5 ஆகிய எண்ணிக்கைகளில் மட்டும் தட்டுங்கள். இரண்டாவது டிரம் 3, 7. மூன்றாவது 8 மட்டும். புதியவர்கள் எட்டையும் நிரப்பத் துடிப்பார்கள். நிரப்பினால் 'ஒன்று' எங்கே விழுகிறது என்றே தெரியாது. எங்கே தட்டக் கூடாது என்பதை முதலில் சொல்லிக் கொடுங்கள்.

கிலுகிலுப்பைக்கு அரை லிட்டர் பாட்டில், கால்பங்கு அரிசி. பாதிக்கு மேல் போட்டால் அரிசிக்கு ஓட இடமிருக்காது, ஒலி மந்தமாகும். பாட்டிலைச் செங்குத்தாகப் பிடித்து ஆட்டினால் போகும்போதும் வரும்போதும் ஒலித்துக் குழப்பும். படுக்கைவாட்டில் பிடித்து, முன்னே தள்ளிச் சட்டென்று நிறுத்த வேண்டும். அரிசி மொத்தமும் ஒரே நேரத்தில் முனையில் மோதும். மூடியை டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள்.

வேகத்தை நிமிடத்துக்கு 80 தட்டு என்று தொடங்கினாலும் மெல்ல மெல்ல ஏறத்தான் செய்யும். 'மெதுவா, மெதுவா' என்று கத்தினால் இன்னும் குழம்பும். கையை உயர்த்தி டிரம்களை இரண்டு ஆவர்த்தனம் (இரண்டு முறை எட்டு எண்ணும் வரை) நிறுத்துங்கள். கைதட்டலோடு பாட்டு மட்டும் போகட்டும். வேகம் தணிந்ததும் கேன் 'ஒன்றில்' சேர்ந்துகொள்ளும். இந்தச் சைகையைத் தொடங்குமுன் இரண்டு தடவையாவது ஒத்திகை பார்த்துவிட வேண்டும்.

வட்டத்தை முழுதாக மூடிவிடாமல் நடைபாதைப் பக்கம் இரண்டு ஆள் நிற்க இடம் விடுங்கள். அங்கே தரையில் இரண்டு கிலுகிலுப்பைகள் சும்மா கிடக்கட்டும். 'வாங்க, வாங்க' என்று கூப்பிட்டால் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுபவர்கள்கூடக் குனிந்து அதை எடுத்துக்கொள்வார்கள்.

– தாள வாத்தியப் பயிற்றுநர்கள்